சிரப் எழுதாத மருத்துவர் மீது குறை சொல்லலாமா?



மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரே வகையான குறை திரும்பத் திரும்ப வருகிறது. மாத மருத்துவ முகாமில் பிள்ளையைக் காட்டினோம், டாக்டர் நெஞ்சில் கருவி வைத்துப் பார்த்தார், சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணினார், பிறகு மருந்து எதுவும் தராமல் "சளிதான், தானாகப் போய்விடும்" என்று அனுப்பிவிட்டார் என்கிறார்கள். இலவச முகாம் என்பதால்தான் இந்த அலட்சியமா என்றும் சிலர் கேட்டார்கள். ஒரு சகோதரி முகாமிலிருந்து நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் 95 ரூபாய்க்கு சிரப் வாங்கிக் கொடுத்ததாகவும், பிள்ளை அன்றிரவு நன்றாகத் தூங்கியதாகவும் சொன்னார்கள். அந்தத் தூக்கத்தைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

குறை சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரவெல்லாம் இருமும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்த உம்மாவுக்குக் காலையில் கையில் ஒரு பாட்டிலாவது வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த மருத்துவர் செய்தது அலட்சியம் அல்ல. இன்று நாட்டின் சுகாதாரத் துறை எல்லா மருத்துவர்களையும் எதைச் செய்யச் சொல்லியிருக்கிறதோ அதைத்தான் அவர் செய்தார். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லலாம் என்று இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

சிந்த்வாராவில் நடந்தது

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், முக்கியமாகப் பராசியா பகுதியில், சின்னஞ்சிறு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். எல்லாருக்கும் தொடக்கம் ஒன்றுதான்: சாதாரணக் காய்ச்சல், சளி, இருமல். மருத்துவரிடம் காட்டி சிரப் வாங்கிக் கொடுத்தார்கள். சில நாட்களில் வாந்தி வந்தது, சிறுநீர் குறைந்தது, பிறகு நின்றே போனது. பல குழந்தைகளை நாக்பூர் மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதலில் ஏதோ தொற்றுநோய் என்றுதான் சந்தேகித்தார்கள். சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகுதான், ஏதோ ஒரு நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது என்று தெரிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்தக் குழந்தைகள் குடித்த சிரப்பின் பெயர் கோல்ட்ரிஃப். அது தயாரான இடம் எங்கோ வடநாட்டில் இல்லை, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரேசன் என்ற நிறுவனத்தின் தொழிற்சாலையில். மத்தியப் பிரதேசத்திலிருந்து கடிதம் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஆயுத பூஜை விடுமுறையிலும் போய்ச் சோதனையிட்டு மாதிரி எடுத்தார்கள். அந்தத் தொகுப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம். அதாவது குழந்தைக்குக் கொடுத்த சிரப்பில் ஏறக்குறைய பாதி நஞ்சு. தமிழ்நாடு அரசு அந்த மருந்தைத் தடை செய்தது, பிறகு நிறுவனத்தின் உரிமத்தையும் ரத்து செய்தது.

டைஎத்திலீன் கிளைக்கால் தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் பொருள், வண்டிகளின் பிரேக் ஆயிலிலும் சேர்ப்பார்கள். நிறம் கிடையாது. பாகு போலக் கெட்டியாக இருக்கும். நாக்கில் வைத்தால் இனிக்கும். சிரப் தயாரிக்க மருந்தைக் கரைக்கப் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவற்றைப் பயன்படுத்துவார்கள். மருந்துத் தரமான சரக்கு விலை அதிகம். தொழிற்சாலைத் தரத்தில் உள்ள மலிவான சரக்கை வாங்கிச் சோதிக்காமல் கொட்டினால், அதோடு இந்த நஞ்சும் வந்துவிடுகிறது. இனிப்பாக இருப்பதால் பிள்ளை முகம் சுளிக்காது. நமக்கும் தெரியாது, எழுதிக் கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது, விற்ற கடைக்காரருக்கும் தெரியாது.

இது முதல் முறையும் அல்ல. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு என்ற மருந்தை இதே திரவத்தில் கரைத்து விற்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1938இல் அங்கே மருந்துச் சட்டமே கடுமையானது. 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இதே நஞ்சால் இறந்திருக்கிறார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2022இல் மேற்கு ஆப்பிரிக்காவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள், அதே ஆண்டு உஸ்பெகிஸ்தானில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். இந்த இரு நாடுகளிலும் குழந்தைகள் குடித்தது இந்தியாவில் தயாரான சிரப்.

காம்பியாவுக்குப் பிறகு மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 2023 ஜூன் 1 முதல், வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் இருமல் சிரப் ஒவ்வொன்றும் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற்ற பிறகே கப்பலேற வேண்டும். நல்ல விதிதான். ஆனால் உள்நாட்டில் விற்கும் சிரப்புக்கு அந்த முன்சோதனை இல்லை. சிந்த்வாராக் குழந்தைகள் இறந்தபோது நிலைமை அதுதான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போகும் பாட்டிலுக்கு இருந்த காவல் நம் தெருப் பிள்ளைக்கு வரும் பாட்டிலுக்கு இல்லாமல் போனதை எந்தச் சமாதானம் சொல்லியும் ஏற்க முடியவில்லை.

நஞ்சு கலக்காத சிரப் என்றால் சரியா?

சிந்த்வாராவைப் பற்றிப் பேசும்போது பலரும் "நல்ல கம்பெனி மருந்தாக வாங்கினால் பிரச்சினை இல்லை" என்கிறார்கள். இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. கலப்படம் தொழிற்சாலையின் குற்றம், கண்காணிக்காத அதிகாரிகளின் குற்றம். சிரப்பை எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கைது செய்தபோது இந்திய மருத்துவர் சங்கம் இதைச் சொல்லித்தான் எதிர்ப்புத் தெரிவித்தது. பாட்டிலுக்குள் நஞ்சு இருப்பதை மருத்துவர் எப்படி அறிவார் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வழக்கு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அந்தச் சிறு பிள்ளைகளுக்கு அந்த மருந்து தேவையாக இருந்ததா?

கோல்ட்ரிஃப்பில் மருந்து என்ற பெயரில் இருந்தவை மூன்று: காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், மூக்கு ஒழுகலுக்குக் குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்குப் பினைல்எஃப்ரின். பின்னிரண்டும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அந்த எச்சரிக்கையைப் பெட்டியில் அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது. அதாவது, சொட்டு நஞ்சும் கலக்காமல் மிகச் சுத்தமாகத் தயாரித்திருந்தாலும் இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளையின் வாய்க்குப் போயிருக்கக் கூடாத கலவை அது. தேவையில்லாத மருந்து என்ற கதவு திறந்திருந்ததால்தான் நஞ்சு அந்த வழியாக வீட்டுக்குள் வந்தது.

சிந்த்வாராவுக்குப் பிறகு, 2025 அக்டோபர் 3 அன்று மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுரை அனுப்பியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல. அதற்கு மேற்பட்ட வயதிலும் நன்கு பரிசோதித்த பிறகே, சரியான அளவில், மிகக் குறைந்த நாட்களுக்கு, பல மருந்துகளைச் சேர்க்காமல் கொடுக்க வேண்டும். நம் முகாம் மருத்துவர் சிரப் எழுதாததற்குக் காரணம் இதுதான். பிற நாடுகளில் இது பழைய செய்தி. 2008இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடையில் விற்கும் சளி மருந்துகள் வேண்டாம் என்றது. 2009இல் பிரிட்டன் அதை ஆறு வயது வரை நீட்டியது.

காரணம் எளிதானது. சளி என்பது வைரஸால் வருவது. ஒன்றிரண்டு அல்ல, இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் சளியை உண்டாக்கும். எந்த சிரப்பும் அந்த வைரஸைக் கொல்லாது. ஆன்டிபயாடிக்கும் கொல்லாது. உடலே போராடி ஏழு முதல் பத்து நாட்களில் வென்றுவிடும். இருமல் மட்டும் இன்னும் ஓரிரு வாரம் இழுக்கலாம். சின்னப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறேழு முறை சளி பிடிப்பது இயல்பு. பள்ளிக்கோ மக்தபுக்கோ போகத் தொடங்கிய முதல் ஆண்டில் இன்னும் கூடும். "மாதம் ஒருமுறை சளி பிடிக்கிறது, என் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை" என்று கவலைப்படும் உம்மாமார்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இருமலும் நோய் அல்ல, மூச்சுக்குழாயில் சேரும் சளியை வெளியேற்ற உடல் செய்யும் வேலை. பெரியவர்கள் காறித் துப்புவார்கள். கைக்குழந்தைக்கு அது தெரியாது, இருமி விழுங்கும். அந்த இருமலை மருந்தால் அடக்கினால் சளி உள்ளேயே தங்கிவிடும்.

இப்போது அந்தத் தூக்கத்துக்கு வருவோம். குளோர்பெனிரமின் போன்ற மருந்துகளின் இயல்பே மயக்கம் உண்டாக்குவது. பிள்ளை தூங்கியது சளி குறைந்ததால் அல்ல, மருந்து மயக்கியதால். அளவு கூடினால் அதே தூக்கம் மூச்சை மந்தமாக்கும். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக, ராத்திரி முழுதும் தூங்காமல் துடிக்கும். பினைல்எஃப்ரினோ வாய்வழியாகக் கொடுத்தால் மூக்கடைப்பைக் குறைப்பதே இல்லை என்று 2023இல் அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. வறட்டு இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் நிலையும் இதுதான். 2021இல் டெல்லியில் அந்த சிரப் கொடுக்கப்பட்ட 16 குழந்தைகள் நஞ்சேறிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், மூவர் இறந்தார்கள். அங்கே கலப்படம் பற்றிய பேச்சே இல்லை. அந்த மருந்தே அந்த வயதுக்கு ஆகவில்லை.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காய்ச்சலுக்கு என்று பாரசிட்டமால் ஒரு பாட்டில், சளிக்கு என்று இன்னொரு பாட்டில். இரண்டாவது பாட்டிலிலும் பாரசிட்டமால் இருக்கும், பெயர் மட்டும் வேறு. இரண்டையும் நாள் முழுக்கக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகி ஈரலைத் தாக்கும். பாரசிட்டமாலிலேயே கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சாதாரண சிரப் ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம். சொட்டு மருந்து நான்கு மடங்கு வீரியம். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். டீஸ்பூன் வீட்டுக்கு வீடு ஒரு அளவு. மூடியோடு வரும் அளவுக் கோப்பை, இல்லையென்றால் ஊசியில்லாத சிரிஞ்ச், இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அப்படியானால் ஏன் எழுதுகிறார்கள்?

இத்தனையும் படித்த மருத்துவர்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். நமக்குத் தெரிந்த மருத்துவர்களிடம் இதைப் பேசிப் பார்த்தோம். மாலை நேரத்தில் நாற்பது, ஐம்பது பேர் காத்திருக்கும் கிளினிக்கில், "இது வைரஸ் சளி, மருந்து வேண்டாம், இந்த அறிகுறி வந்தால் மட்டும் வாருங்கள்" என்று விளக்கப் பத்து நிமிடம் வேண்டும். சிரப் எழுத அரை நிமிடம் போதும். எழுதாமல் அனுப்பினால் அடுத்த வாரம் அந்தக் குடும்பம் வேறு கிளினிக்குக்குப் போய்விடுகிறது, போவதோடு "அவர் ஒன்றும் தரமாட்டார்" என்று தெருவில் சொல்லவும் செய்கிறது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளின் பங்கும் இதில் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இருநூறு ரூபாய் கட்டணம் கொடுத்து வெறுங்கையோடு திரும்ப மாட்டோம் என்ற நம் எதிர்பார்ப்பும் அந்தச் சீட்டில் எழுதப்படுகிறது. ஆகவே எழுதாத மருத்துவரை நாம் குறை சொல்லும் ஒவ்வொரு முறையும், எழுதும் மருத்துவருக்கு நற்சான்று கொடுக்கிறோம்.

மருத்துவரிடம் எதிர்த்துப் பேச வேண்டும் என்று சொல்லவில்லை. மரியாதையாகக் கேட்கலாம். "டாக்டர், இது வெறும் சளிதானா? சிரப் இல்லாமல் இரண்டு நாள் பார்க்கலாமா? எதைப் பார்த்தால் உடனே வர வேண்டும்?" இந்த மூன்று கேள்வியும் எந்த நல்ல மருத்துவரையும் புண்படுத்தாது. பலருக்கு நிம்மதியாகவே இருக்கும். மருத்துவர் பரிசோதித்து, மூச்சிரைப்பு இருக்கிறது, நிமோனியா இருக்கிறது என்று சொல்லி மருந்து தந்தால் அதை முழுமையாகக் கொடுக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு எழுதிய இன்ஹேலரை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நாம் பேசுவது சாதாரணச் சளி இருமலுக்கான கலவை சிரப்புகளைப் பற்றி மட்டுமே.

மருத்துவரைக்கூடப் பார்க்காமல் கொடுப்பது அதைவிட அதிகம். மெடிக்கல் ஷாப்பில் வயதைச் சொல்லி வாங்குவது, போன வருடம் அண்ணனுக்கு எழுதிய சீட்டைத் தம்பிக்குக் காட்டுவது, பக்கத்து வீட்டில் மிச்சம் இருப்பதை வாங்கி ஊற்றுவது. சபரிலிருந்து வரும் மச்சான் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் துபாய் சிரப்புக்கும் நம் ஊர்களில் தனி மதிப்பு உண்டு. வெளிநாட்டு மருந்து என்பதால் வயது வரம்பு மாறிவிடாது. அரபியிலும் ஆங்கிலத்திலும் அதில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையை வாசித்துப் பார்க்கிறவர் குறைவு. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா நூல்களில் பதிவாகியிருக்கிறது. ஃபிக்ஹு அறிஞர்கள் இதை வைத்து நஷ்டஈடு வரை சட்டம் வகுத்திருக்கிறார்கள். "என் பிள்ளைக்குக் கேட்டது, உன் பிள்ளைக்கும் கொடு" என்று பாட்டிலை நீட்டும் அன்பு அந்த எல்லைக்குள் வருகிறதா என்று நம் ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அலுவலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் இன்னொரு கேள்வி, "இந்த சிரப்பில் ஆல்கஹால் இருக்கிறதா, ஹலாலா?" என்பது. கேட்பது நல்ல பழக்கம். சில இருமல் சிரப்புகளில் ஆல்கஹால் சேர்க்கப்படுவது உண்மை, லேபிளைப் பார்த்தால் தெரியும். வேறு மருந்து இல்லாத கட்டாயத்தில் என்ன சட்டம் என்று அறிஞர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு முழுதும் 'தேவை' என்ற சொல்லின் மீதுதான் நிற்கிறது. ஹலாலா என்று இவ்வளவு கவனமாகக் கேட்கிற நாம், பிள்ளைக்கு இது தேவையா என்ற அதற்கு முந்திய கேள்வியைக் கேட்காமல் கடந்துவிடுகிறோம்.

வீட்டில் செய்யக்கூடியது

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பாலே முதல் மருந்து. வழக்கத்தைவிட அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூக்கடைத்தால் பிள்ளை பால் குடிக்கத் திணறும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு மூக்குத் துளையிலும் இரண்டு சொட்டு விட்டால் சளி இளகும். கடையில் 'சலைன் நேசல் டிராப்ஸ்' என்று கேளுங்கள், வெறும் உப்புநீர் மட்டும் உள்ளதாக. மூக்கடைப்பு நீக்கும் மருந்து கலந்த சொட்டுகள் வேறு, அவை வேண்டாம். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு வெதுவெதுப்பான நீர், கஞ்சி, ரசம் கொடுக்கலாம். பிள்ளை சோர்ந்து சிணுங்கும் அளவுக்குக் காய்ச்சல் இருந்தால், எடைக்கு ஏற்ப மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் மட்டும்.

தேன் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. அதில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதை சூரத்துன் நஹ்ல் பேசுகிறது. 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த ஓர் ஆய்வில், படுக்கும் முன் தேன் கொடுக்கப்பட்ட பிள்ளைகள், ஒன்றும் கொடுக்கப்படாத பிள்ளைகளைவிடக் குறைவாக இருமி நன்றாகத் தூங்கினார்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அரை டீஸ்பூன் தேன் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் சில நேரம் இருக்கும் ஒரு வகை நுண்ணுயிரின் விதை, முதிராத குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். போட்யுலிசம் என்பது அதன் பெயர். சூடாக்கினாலும் அந்த விதை சாகாது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவும் பழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். நபிகளார் (ஸல்) அவர்கள் தஹ்னீக் செய்தது பேரீச்சம்பழத்தால் என்றுதான் புகாரியில் இருக்கிறது. தேன்தான் வேண்டும் என்று எங்கும் இல்லை.

சாம்பிராணி விஷயத்தில் உம்மம்மாமார்கள் எங்களைக் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். குளிப்பாட்டியதும் பிள்ளையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதும், வெள்ளிக்கிழமை வீடு முழுக்கப் புகை போடுவதும் காலகாலமான வழக்கம். பெரியவர்களுக்கு மணம், ஆனால் சளி பிடித்த பிள்ளையின் மூச்சுக்குழாய்க்கு அது வெறும் புகை. பிள்ளைக்குச் சளி தீரும் வரை சாம்பிராணி, பத்தி, கொசுவத்திச் சுருள் மூன்றையும் நிறுத்துங்கள். வீட்டுக்குள் பீடி சிகரெட் குடிக்கும் ஆண்களைப் பற்றி எழுதத் தனி இதழ் வேண்டும். மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிட ஆபத்து. எண்ணெய் நேராக நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கி நிமோனியாவை உண்டாக்கும். நம் மாநிலத்து மருத்துவமனைகளில் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் கேடு இது. கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தடவாதீர்கள், யாருக்குமே மூக்குக்குள் வைக்காதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் பிள்ளையை உட்காரவைத்து ஆவி பிடிப்பதும் வேண்டாம். சளி குறைவதைவிட வெந்நீர் கொட்டிச் சுடுவதற்கே வாய்ப்பு அதிகம்.

ஓதி ஊதுவதும், ஷிஃபாவுக்காக துஆ செய்வதும் நம் வழி. அதோடு மூச்சை எண்ணவும் கற்றுக்கொள்ள வேண்டும். முகாமில் மருத்துவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தது இதற்காகத்தான். பிள்ளை அழாமல், முடிந்தால் தூங்கும்போது, நெஞ்சு அல்லது வயிறு எழுந்து தாழ்வதைச் செல்போன் கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் போனால் அது வேக மூச்சு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது. வேக மூச்சு என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால், உதடு நீலம் பாய்ந்தால், பிள்ளை பால் குடிக்கவே மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டால், வலிப்பு வந்தால், நேரம் பார்க்காதீர்கள், 108ஐ அழையுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், எடை குறைந்தால், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தைக் கொடுத்த பிறகும் பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ, பாட்டிலைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். சிரப்பின் பெயரும் தொகுதி எண்ணும் மருத்துவருக்கு வேண்டும்.

நம் முகாமில்

நிர்வாகக் குழு மருத்துவரோடு கலந்து பேசி எடுத்த முடிவு இது. முகாமில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் கலவை சிரப் வழங்கப்படாது. மருத்துவ உதவி நிதியிலிருந்தும் அதற்குப் பணம் தரப்படாது. ஜகாத்தாகவும் சதக்காவாகவும் ஜமாஅத்தார் ஒப்படைத்த பணம் அது. அந்தத் தொகைக்கு உப்புநீர்ச் சொட்டும், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும், அளவு சிரிஞ்சும் வாங்கி வைத்திருக்கிறோம். தெர்மாமீட்டர் வாங்க வசதியில்லாத குடும்பத்தினர் அலுவலகத்தில் பெயர் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். மருந்து கட்டாயம் தேவைப்படும் பிள்ளைகளை அரசு மருத்துவமனைக்குக் கடிதத்தோடு அனுப்புகிறோம். ஆட்டோ செலவு இல்லாதவர்களுக்கு அதையும் அறக்கட்டளையே ஏற்கிறது.

அடுத்த முகாமுக்கு வரும்போது வீட்டில் இருக்கும் சிரப் பாட்டில்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், சபரிலிருந்து வந்தவை உட்பட. எது எந்த வயதுக்கு, எதில் பாரசிட்டமால் இருக்கிறது, எது காலாவதியாகிவிட்டது என்று மருந்தாளுநர் சகோதரர் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார். வேண்டாதவற்றை அங்கேயே பெட்டியில் போட்டுவிடலாம். பெண்களுக்குத் தனி வரிசை உண்டு. பிள்ளைகளை எடை பார்க்க வேண்டியிருப்பதால் அஸருக்கு முன்பே வந்துவிடுவது நல்லது.